டிஜிட்டல் தடம் என்றால் என்ன? பழைய பதிவுகள் வேலை வாய்ப்பைப் பாதிக்குமா?

இணையத்தில் நாம் இட்ட பதிவு, படம், கருத்து, விருப்பக்குறி ஆகியவை நம் பெயரோடு ஒட்டிக்கொண்டு பெருகிக்கொண்டே போவதைத்தான் டிஜிட்டல் தடம் என்கிறோம். வேலைக்கு ஆளெடுப்பவர் விண்ணப்பத்திலுள்ள பெயரையும் கல்லூரியையும் கூகுளில் தட்டிப் பார்த்தால், லிங்க்ட்இன் சுயவிவரத்துக்குப் பக்கத்திலேயே, முதலாண்டில் நண்பர் ஒருவரிடம் கோபத்தில் எழுதிய வரியும் வந்து நிற்கக்கூடும். அதை எழுதிய சூழல் அவருக்குத் தெரியாது, அந்த வரி மட்டுமே தெரியும். நண்பர்களுக்கென்று சொன்னது, காலமும் இடமும் கழன்று, அந்நியர் முன் போய்ச் சேர்வதே சிக்கலின் வேர்.

தனியுரிமையோ சத்தமில்லாமல் கசிகிறது. வாழ்த்துகளில் பிறந்த தேதி, புது அடையாள அட்டையின் படத்தில் பணியாளர் எண், வீட்டுவாசல் படத்தில் கதவு எண் எனத் தனித்தனியே அற்பமாகத் தோன்றுபவை ஒரே கையில் சேர்ந்தால், மோசடிக்காரர் வங்கி ஊழியரைப் போலப் பேசுவதற்கு அவையே போதும். வேலை கைநழுவுவதைவிட இதற்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து.

பதிவை நீக்கிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர்; அது ஊரெல்லாம் துண்டறிக்கை கொடுத்துவிட்டுக் கையிலிருக்கும் படியை மட்டும் கிழிப்பதைப் போன்றது, ஏனெனில் பிறர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவர்களிடமே இருக்கும்; 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வழங்கிய ‘மறக்கப்படும் உரிமை’ (தன்னைப் பற்றிய பழைய தகவலைத் தேடலில் காட்ட வேண்டாமெனக் கோரும் உரிமை) தொடர்பான தீர்ப்புகூடத் தேடல் முடிவுகளிலிருந்து இணைப்பை நீக்கச் சொன்னதே தவிர, மூலப் பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை.