15 சதவீதம் கூடுதல் பேக்கப் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 40 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட் எங்களுடையது. டீசல் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்குகளுக்கு லித்தியம் பேட்டரி வைக்கப் போகிறோம். இரண்டு கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. விலை அதிகம் சொன்னவர், "எங்கள் இன்வெர்ட்டரில் ஸ்பேஸ் வெக்டர் மாடுலேஷன் இருக்கிறது, சாதாரண சைன் முறையைவிட 15 சதவீதம் கூடுதல் பேக்கப் வரும்" என்கிறார். நம்பிப் பணம் கொடுக்கலாமா?
- சங்கப் பொருளாளர்

பதில்: அந்தக் காரணத்துக்காகக் கொடுக்காதீர்கள். 15 சதவீதம் என்பது உண்மையான எண்தான். ஆனால் அது வோல்டேஜ் கணக்கு, பேக்கப் நேரத்தின் கணக்கு அல்ல.

பேட்டரியின் டிசியை இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி 50 ஹெர்ட்ஸ் ஏசியாக்குகின்றன. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற கணக்குதான் மாடுலேஷன். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் வேண்டுமென்றால், சாதாரண சைன் முறைக்கு டிசி பக்கம் சுமார் 680 வோல்ட் தேவை. ஸ்பேஸ் வெக்டருக்கு 590 போதும். அவர் சொல்லும் 15 சதவீதம் இங்கிருந்து வருவது.

இன்வெர்ட்டரோடு நேராக இணைத்த 240 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை) செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு 3.2 வீதம் 768 வோல்ட். செல் 3 வோல்டுக்கு இறங்கினாலும் 720 இருக்கும், சாதாரண சைன் முறைக்கே அது போதும். அதற்குள் சேமித்த மின்சாரத்தில் பெரும்பங்கு தீர்ந்திருக்கும். அதற்குக் கீழே போய் எடுப்பதற்கு அதிகம் இல்லை. 200 செல் பேட்டரி என்றால் மொத்தமே 640 வோல்ட்தான், அங்கே ஸ்பேஸ் வெக்டர் நிஜமாகவே தேவை. எத்தனை செல் என்று முதலில் கேளுங்கள். மலிவான கொட்டேஷனிலும் இதே முறை இருக்கலாம், ஏனென்றால் இது இன்று பரவலான விஷயம்.

அப்புறம், நியூட்ரல். பொது விளக்குகள் சிங்கிள் ஃபேஸ் என்பதால் நியூட்ரல் கட்டாயம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் நடுவிலிருந்து நியூட்ரல் எடுக்கும் வடிவமைப்பில் அந்த 15 சதவீதமே கிடைக்காது. ஸ்பேஸ் வெக்டர் மூன்று ஃபேஸையும் சேர்த்து மேலும் கீழும் நகர்த்தித்தான் ஆதாயம் பெறுகிறது. நியூட்ரலை இப்படி எடுத்தால் அந்த நகர்வு அப்படியே விளக்குகளுக்குப் போய்விடும். "நியூட்ரல் எங்கிருந்து வருகிறது?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் நான் அவரிடம் வாங்க மாட்டேன்.

உங்கள் பணம் கரைவது வேறு இடத்தில். இரவில் நாலைந்து விளக்கு மட்டும் எரியும்போது இன்வெர்ட்டர் தனக்கென்று எத்தனை வாட் தின்கிறது? 10, 25, 50 சதவீத லோடில் எஃபிஷியன்ஸி எவ்வளவு? முழு லோடில் டிஎச்டி, அதாவது ஏசி அலையின் சிதைவு, 5 சதவீதத்துக்குள் இருக்குமா? இவற்றைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

சத்தத்தையும் மறக்க வேண்டாம். 4 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்யும் பெட்டி விசில் அடிப்பது நன்றாகவே கேட்கும், தரைத்தள வீட்டுக்காரர் தூங்க முடியாது. 20 கிலோஹெர்ட்ஸை நெருங்கினால் காதுக்கு எட்டாது, ஆனால் சுவிட்சுகளின் சூடும் இழப்பும் கூடும். அவர்கள் ஏற்கெனவே பொருத்திய இடத்துக்கு ஓர் இரவு போய் நின்று கேளுங்கள்.

தண்ணீர் மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது சுமார் ஆறு மடங்கு கரன்ட் இழுக்கும். இதற்கு எந்த மாடுலேஷனும் உதவாது. இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட வேண்டும். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரைப் போட்டுப் பார்த்து, அதன் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.