இடது மார்பில் கதிர்வீச்சு: இதயம் தாங்குமா?

கேள்வி: என் தாயாருக்கு 50 வயது. இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் அகற்றிவிட்டு, இனி 15 நாள் 'கரண்ட் வைக்க வேண்டும்' என்கிறார் மருத்துவர். இதயம் கெட்டுவிடும், வேண்டாம் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உறவினர்களின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு, ஆனால் அவர்கள் சொல்லும் முடிவு தவறானது. இதயத்தின் முன்புறம் இறங்கும் முக்கிய இரத்தக் குழாய் இடது மார்புச் சுவரை ஒட்டியே செல்வதால், கதிர்கள் அதன் உட்சுவரைப் புண்படுத்தி, அழற்சியையும் பின்னர் கொழுப்புப் படிவையும் ஏற்படுத்தக்கூடும். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை இச்சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இதயம் பெறும் சராசரிக் கதிர் அளவு ஒரு கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடும்தோறும் மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 7.4 சதவீதம் உயர்வதாகவும், அந்த உயர்வு முதல் ஐந்தாண்டுகளிலேயே தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிப்பதாகவும் காட்டியது.

சதவீதத்தை மட்டும் கேட்டால் யாருக்கும் மனம் பதறும். இதய நோய்க்கான ஆபத்துக் காரணி எதுவும் ஏற்கெனவே இல்லாத 50 வயதுப் பெண்ணுக்கு இதயத்தில் 3 கிரே விழுந்தால், 80 வயதுக்குள் மாரடைப்பு நோயால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்திலிருந்து 2.4 ஆகிறது என்று அதே ஆய்வு கணக்கிடுகிறது. மறுபக்கம், கட்டியை மட்டும் அகற்றியவர்கள் கதிர்வீச்சைத் தவிர்த்தால் பத்தாண்டுகளில் நூற்றில் 35 பேருக்கு நோய் திரும்புகிறது. எடுத்துக்கொண்டால் 19 பேருக்கே திரும்புகிறது. எதை அஞ்ச வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவருடைய அடிப்படை ஆபத்தே சற்று அதிகம். அதன்மேல்தான் இந்த உயர்வும் ஏறும். ஆகவே, 'இதயத்துக்குச் சராசரியாக எத்தனை கிரே போகும்?' என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். திட்டமிடும் கணினியில் அந்த எண் இருக்கும். மூச்சை ஆழமாக இழுத்து அடக்கும் முறை அங்கு உண்டா என்றும் கேளுங்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டுக் கீழும் பின்னும் விலகுவதால், மூச்சை அடக்கியிருக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிரைச் செலுத்துவார்கள். முன்கூட்டியே பயிற்சியும் தருவார்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது உங்கள் வீட்டார் பொறுப்பு.

கேள்வி: சளி என்று போனாலும் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். இதுவும் இதயத்தைப் பாதிக்குமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அளவுதான் இங்கே முக்கியம். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களை 1950 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்ததில், 0.5 கிரேக்கு மேல் கதிர் பெற்றவர்களிடம்தான் இதய நோய் தெளிவாகக் கூடியிருந்தது. அதற்குக் கீழே படம் தெளிவாக இல்லை. 0.5 கிரே என்பது 500 மில்லி கிரே. மார்பு எக்ஸ்ரே தருவதோ ஒரு மில்லி கிரேயில் சிறு பங்கு. சி.டி. ஸ்கேன் அதைவிடப் பன்மடங்கு கூடுதல் என்பதால், தேவையின்றி அதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். பழைய படங்களைக் கையோடு கொண்டுசென்று காட்டுங்கள்.