கச்சேரி டிக்கெட்டை மூன்று மடங்கு விலைக்கு வாங்கலாமா? ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் பதில்

கேள்வி: புதுச்சேரியில் நடக்கவிருக்கும் திரையிசைக் கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஒருவர் 1,200 ரூபாய் டிக்கெட்டுக்கு 3,500 கேட்கிறார். வாங்கலாமா? இப்படி விற்பதைத் தடுக்கச் சட்டமே இல்லையா?

பதில்:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இசையில் எனக்குத் தெரிந்தது வானொலியோடு சரி.

போன ஆண்டு புதுச்சேரியில் கடலோரத் திடல் ஒன்றில் பெரிய கச்சேரி. பாடியவர் பெயரும் நடத்தியவர்கள் பெயரும் இங்கே வேண்டாம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், தெருவுக்கே டீச்சர். அவருக்கும் அவர் தங்கைக்கும் அந்தப் பாடகர் என்றால் உயிர். விற்பனை தொடங்கிய காலையில் என் கடைக் கணினியில்தான் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு வரிசை திறந்தது, எங்களுக்கு முன்னால் பல ஆயிரம் பேர். பத்தே கால் ஆவதற்குள் எல்லாப் பிரிவும் தீர்ந்துவிட்டது. டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பரவாயில்லை தம்பி” என்றார். அந்தப் பரவாயில்லையைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாளில் தங்கை மகன் வழியாக ஒரு வாட்ஸ்அப் எண் கிடைத்தது. 1,200 ரூபாய் டிக்கெட் 3,500. உங்களிடம் கேட்கும் அதே விலை. இரண்டு பேருக்கு 7,000 ரூபாயை டீச்சர் ஃபோனிலேயே அனுப்பினார். பிடிஎஃப் வந்தது. கடையில் அச்செடுத்து, கசங்காமல் இருக்க நானே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்கும் அதே கச்சேரி. ஃபோனிலிருந்து கோப்பை வாங்கி இறக்கியபோது, அதன் பெயருக்குப் பின்னால் கணினி தானாக ஒரு ‘1’ சேர்த்தது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு அதன் பொருள் தெரியும்: இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. இரண்டையும் திறந்து அருகருகே வைத்தேன். பதிவு எண் ஒன்றே. கியூஆர் குறியீட்டின் கட்டங்கள் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றே. அவன் ஒரு டிக்கெட்டுக்கு 4,000 கொடுத்திருந்தான்.

அச்செடுப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி அவனிடம் திரையைக் காட்டினேன். விற்றவனுக்கு என் முன்னாலேயே ஃபோன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுமுறை மணியும் அடிக்கவில்லை. “நான் சீக்கிரமாகப் போய்விடுகிறேன் அண்ணா” என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போனான். மாலையில் டீச்சரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார்: “அப்படியானால் நாம் சீக்கிரம் போய்விடலாம், தம்பி.”

இதைத்தான் நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்றாலும், வாசலில் உள்ள ஸ்கேனர் முதலில் வந்தவரை உண்மையானவர் என்று உள்ளே விடும். மற்ற ஒன்பது பேரும் போலி. அந்த முதல் ஆள் பணம் கொடுத்து வாங்கியவரா, யாரோ அனுப்பிய படத்தைக் காட்டியவரா என்று அதற்குத் தெரியாது. திறந்த திடலில் நாற்காலி எண்ணும் கிடையாது, பிரிவு மட்டும்தான். அதனால் உள்ளே போனபின் ‘இது என் இடம்’ என்று இருவர் மோதிக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை.

கச்சேரி அன்று டீச்சருக்கும் தங்கைக்கும் துணையாக நானும் போனேன். எனக்கு டிக்கெட் கிடையாது. மதிலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு இவர்களை அழைத்து வருவதாக ஏற்பாடு. ஒன்றரை மணிக்கே பஸ் ஏறினோம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, முள்ளோடையில் மதுக்கடைகள் தொடங்கும் இடம் வரை டீச்சர் பேசவே இல்லை. அரியாங்குப்பத்தில் வழக்கமான நெரிசல். மூன்றரைக்கு வாயிலில் நின்றோம். நெல்லிக்குப்பத்துப் பையன் எங்களுக்கு முன்னால், இருபது பேர் தள்ளி நின்றிருந்தான். என்னைப் பார்த்தான், டீச்சர் கையிலிருந்த என் கடை உறையைப் பார்த்தான், திரும்பிக்கொண்டான். இருவரில் ஒருவர்தான் உள்ளே போக முடியும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நான்கு மணிக்குத் திறந்தார்கள். பையனின் முறை வந்தது. சிவப்பு. அவன் திரும்பி எங்களைப் பார்த்த பார்வையில் சந்தேகம்கூட இருந்தது. நாங்கள்தான் இன்னும் வரிசையிலேயே நிற்கிறோமே! எங்கள் முறை வந்தது. அதே சிவப்பு. வாயிலில் நின்ற பெண் சிறு திரையைத் திருப்பிக் காட்டினாள். இன்னொரு வாயில் வழியாக 4.07க்கே அந்தக் குறியீட்டில் இருவர் உள்ளே போயிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவனுக்கும் விற்றிருக்கிறான். நான்காவது, ஐந்தாவது ஆட்கள் யாரோ, எந்த வரிசையில் நின்றார்களோ.

சிறுவயதில் எங்கள் ஊர்த் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். டிக்கெட்டை எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருப்பார். நம் முகத்தைப் பார்க்காமல் “முப்பது, முப்பது” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பார். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு முப்பது அநியாயம்தான். ஆனால் அது உண்மையான டிக்கெட். ஏமாற்றினால் மறுநாளும் அதே கம்பத்தடியில் அவரைப் பிடித்துவிடலாம். இன்றைய வியாபாரியிடம் அந்த இரண்டும் இல்லை. டிக்கெட் என்பது ஒரு படம், விற்பவர் என்பது ஓர் எண். அநியாய விலை என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் 2,300 ரூபாய், திட்ட வேண்டிய பட்டியலில் இரண்டாவதாகத்தான் வரும்.

சட்டத்துக்கு வருகிறேன். ரயில் டிக்கெட் என்றால் தெளிவாக இருக்கிறது. அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். காலை பத்து மணித் தட்கலுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் சேர்த்து வாங்கி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கச்சேரிக்கு அப்படி நேரடியான மத்தியச் சட்டம் கிடையாது. 2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்பிளே இசைக்குழு பாடியது நினைவிருக்கும். 2024 செப்டம்பர் 22 அன்று விற்பனை தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் வரிசையில் நின்றார்கள். 2,500 முதல் 35,000 ரூபாய் வரை விலை வைத்திருந்தார்கள். மறுவிற்பனைத் தளங்களில் அது லட்சங்களில் ஏலம் போனது. அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. மறுவிற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. சட்டம் இயற்றுவது எங்கள் வேலை இல்லை, அரசு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜப்பான் 2019இலேயே செய்துவிட்டது. கூடுதல் விலைக்கு மறுவிற்பனையைத் தொழிலாக நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம். அயர்லாந்து 2021இல் சட்டம் கொண்டுவந்து, பெரிய நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்றது. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்களுக்கு விற்கப்பட்டது நகல் என்றால் கதை வேறு. அது மறுவிற்பனை ஆகாது, மோசடி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 420ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பணம் போனது கடலூரில், அதாவது தமிழ்நாட்டில், வாயிலில் திருப்பி அனுப்பியது புதுச்சேரியில், அது ஒன்றியப் பிரதேசம், விற்றவன் எங்கே இருக்கிறான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ‘அங்கே போய்க் கொடுங்கள்’ என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் முன்னால் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதில் நேரம்தான் முக்கியம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். நாங்கள் செய்த தவறு அதுதான். நகல் என்று தெரிந்த அன்றே பேசியிருக்க வேண்டும். எப்படியாவது உள்ளே போய்விடலாம் என்ற ஆசையில் பத்து நாள் வாய் மூடி இருந்தோம். புகார் கொடுத்தபோது அந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுக்கு முன் வேறொரு கச்சேரிக்கு நானும் மனைவியும் டிக்கெட் வாங்கியிருந்தோம். அன்று அவளுக்குக் காய்ச்சல். திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. கடைக்கு வந்த ஒருவர் கேட்டார், ஆளுக்கு ஐந்நூறு கூட வைத்துக் கொடுத்தேன். அலைச்சலுக்கு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு ஓர் அடிகூட அலைச்சல் இல்லை, அவர்தான் கடைக்கு வந்தார்.

அதனால்தான் மறுவிற்பனையையே அடியோடு தடை செய் என்ற கூச்சலில் நான் சேர்வதில்லை. போக முடியாதவனிடமிருந்து நடத்துபவர்களே முந்தின நாள் வரை அச்சிட்ட விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு, வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்தால் என்னைப் போன்ற சில்லறைப் பாவிகள் உருவாக மாட்டார்கள். வாங்கியவர் பெயரை டிக்கெட்டில் போட்டு வாயிலில் அடையாள அட்டை பார்க்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் குறியீட்டைச் செயலியிலேயே காட்டச் சொன்னால் படம் பிடித்து அனுப்பியது செல்லாது. என் அச்சு வியாபாரம் கொஞ்சம் படுக்கும், படுக்கட்டும். இதெல்லாம் தெரியாமல் இல்லை. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற செய்தியே நல்ல விளம்பரம் ஆயிற்றே, யாருக்கு அவசரம்?

இன்னொன்று, டிக்கெட் முழுவதும் நாம் நிற்கும் வரிசைக்கு வருகிறது என்று நினைக்காதீர்கள். விளம்பரதாரருக்கு ஒரு கட்டு, குறிப்பிட்ட வங்கி அட்டை வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கட்டு, கேட்டால் மறுக்க முடியாதவர்களுக்கு இலவசப் பாஸ். ‘பாஸ் இருக்கிறதா?’ என்று கேட்பதைப் புதுச்சேரியில் யாரும் கூச்சமாக நினைப்பதில்லை, உறவினர் வீட்டில் காபி கேட்பது போலக் கேட்பார்கள். இலவசமாக வந்தது விலைக்குப் போகும்போது அதன் லாபம் நூற்றுக்கு நூறு.

உங்களிடம் 3,500 கேட்பவர் நேரில் வருவாரா என்று கேளுங்கள். வாயிலில், நீங்கள் உள்ளே போனபிறகு பணம் என்றால் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். உண்மையான டிக்கெட் வைத்திருப்பவர் முணுமுணுத்தாலும் ஏதாவது ஒரு வழிக்கு வருவார். ‘பத்துப் பேர் கேட்கிறார்கள், உடனே பணம் போடுங்கள்’ என்றால் விட்டுவிடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றாலும் இன்றைக்கே வாங்காதீர்கள். தியேட்டர் அக்காவின் முப்பது, படம் போட்டுப் பத்து நிமிடத்தில் பதினைந்தாகும், சண்டைக் காட்சி சத்தம் வெளியே கேட்டால் பத்தாகும்.

அன்று இரவும் அதுதான் நடந்தது. மதிலுக்கு வெளியே, நிறுத்தி வைத்த பைக்குகளின் மேல் உட்கார்ந்து பத்து நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெல்லிக்குப்பத்துப் பையனும் எங்களோடு நின்றான். டீச்சர் அவனுக்கும் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். நான்காவது பாட்டு ஓடும்போது ஒருவன் வந்தான். இரண்டு டிக்கெட் இருக்கிறதாம், ஒன்று எண்ணூறு ரூபாயாம், ஃபோனில் குறியீட்டைப் பெரிதாக்கிக் காட்டினான்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை உற்றுப் பார்த்தார். “இது எத்தனையாவது நகல், தம்பி?” என்று கேட்டார்.

அவன் அடுத்த பைக் பக்கம் போய்விட்டான். இன்னும் இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தோம்.