2500+ன்னு போட்டிருக்கு, 1.83 தான் காட்டுது: ப்ராசஸர் நம்பர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, செகண்ட்ஸ்ல ஒரு பழைய அத்லான் எக்ஸ்பி 2500+ (ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர்) சிஸ்டம் வாங்கினேன், ஆனா மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்டீஸ்ல 1.83 ஜிகாஹெர்ட்ஸ்னு வருது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: இல்ல தம்பி, சரியான பொருள்தான் வந்திருக்கு. 2500+ங்கிறது மெகாஹெர்ட்ஸே இல்ல, அது ஏஎம்டி வச்ச மாடல் ரேட்டிங், அதாவது இவ்ளோ வேகத்துக்குச் சமம்னு அவங்களே குடுத்த நம்பர். பார்ட்டன் கோர் (ப்ராசஸருக்குள்ள இருக்கிற டிசைனோட பேரு) 2500+ ஓட வேண்டிய ஸ்பீடே 1833 மெகாஹெர்ட்ஸ்தான். 2001 அக்டோபர்ல அத்லான் எக்ஸ்பி வந்தப்பவே இப்படித்தான் பேர் வச்சாங்க, 1500+ன்னா 1333, 1800+ன்னா 1533, 2000+ன்னா 1667, கடைசியா வந்த 3200+ கூட 2200ல தான் ஓடும்.

கேள்வி: அப்போ நேரா 1833ன்னே போட்டிருக்கலாமே, எதுக்கு இந்த சுத்து?

பதில்: பென்டியம் 4 தான் காரணம். 2000 நவம்பர்ல இன்டெல் அதை எறக்கினப்போ பைப்லைனை, அதாவது ஒவ்வொரு கட்டளையும் படிப்படியா முடியுற வரிசையை, 20 ஸ்டேஜா நீட்டிட்டாங்க. ஸ்டேஜ் அதிகமானா ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் வேலை கம்மி, அதனால கிளாக்கை (மெகாஹெர்ட்ஸ் ஸ்பீடை) நல்லா ஏத்தலாம், ஆனா ப்ரோகிராம்ல அடுத்து எந்தப் பக்கம் போகும்னு ப்ராசஸர் முன்கூட்டி யூகிக்கும் பாருங்க, அந்த யூகம் தப்பாச்சுன்னா உள்ள வந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து நிரப்பணும், பைப் நீளமா இருந்தா அந்த நஷ்டமும் பெருசு. அத்லான் எக்ஸ்பில முழு எண் கணக்குக்கு 10 ஸ்டேஜ்தான், ஒரு கிளாக்ல அது முடிக்கிற வேலை அதிகம். ஆனா கடைக்கு வர்றவங்க 2 ஜிகாஹெர்ட்ஸ் பெருசா 1.67 பெருசான்னு மட்டும்தானே பாப்பாங்க, அதனால ஏஎம்டி நம்பரை மாத்திச்சு. பேப்பர்ல அவங்க சொன்னது "எங்க பழைய தண்டர்பேர்ட் அத்லானோட ஒப்பிட்டது"ன்னு, ஆனா வாங்கினவங்க எல்லாரும் பென்டியம் 4 கூடத்தான் வச்சுப் பாத்தாங்க.

ஆரம்பத்துல அந்த ரேட்டிங் நியாயமாத்தான் இருந்துச்சு. 2003ல 800 எஃப்எஸ்பியும் (ப்ராசஸரை போர்டோட இணைக்கிற பஸ்ஸோட ஸ்பீடு) ஹைப்பர் த்ரெடிங்கும் (ஒரே கோர்ல ரெண்டு வேலையைச் சேர்த்து ஓட்டுறது) வச்ச பென்டியம் 4 வந்த பிறகு 3200+ அந்தப் பேருக்கு எட்டல, முக்கியமா வீடியோ என்கோடிங்ல பின்னாடி போயிடுச்சு. அந்த பார்ட்டன் கோர் எனக்கு ரொம்பப் பிடிச்சதுதான், ஆனாலும் அந்த நம்பர் கொஞ்சம் இழுத்துப் போட்டதுதான்.

கேள்வி: சார் என்னோடது 1700+, பூட் ஆகும்போது 1100 மெகாஹெர்ட்ஸ்னு வருது. இதுவும் ரேட்டிங் சமாச்சாரமா?

பதில்: இது வேற, இங்க உண்மையாவே ஸ்பீடு கம்மியா ஓடிட்டு இருக்கு. 1700+க்கு மல்டிப்ளையர் (எஃப்எஸ்பியை எத்தனையால பெருக்கணும்ங்கிற எண்) 11, எஃப்எஸ்பி 133, பெருக்கினா 1467 வரணும். உங்களுக்கு 1100ன்னா எஃப்எஸ்பி 100ல நிக்குது. பெரும்பாலும் போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும், பயாஸ் (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற போர்டு ப்ரோகிராம்) செட்டிங் அழிஞ்சு 100க்குத் திரும்பிடும், டேட் டைமும் தப்பா காட்டினா சந்தேகமே வேணாம். பேட்டரி மாத்துங்க, பயாஸ்ல சிபியு கிளாக்கை 133 ஆக்குங்க, சில போர்டுல ஜம்பரும் இருக்கும், அதையும் பாத்துடுங்க. அப்புறம் சிபியு-இசட்ங்கிற ப்ராசஸர் விவரம் காட்டுற சாஃப்ட்வேர் போட்டு மல்டிப்ளையரும் பஸ் ஸ்பீடும் தனித்தனியா சரியா இருக்கான்னு பாருங்க.

முதல்ல கேட்ட தம்பிக்கும் சேர்த்துச் சொல்றேன், 2500+க்கும் மல்டிப்ளையர் 11தான், எஃப்எஸ்பி மட்டும் 166. அதையே 200 ஆக்கினா 2200, அதாவது 3200+ ஸ்பீடு, அந்தக் காலத்துல நெறய பேர் இதுக்காகவே 2500+ வாங்கினாங்க. ஆனா பழைய சிப்செட் போர்டுகள்ல எஃப்எஸ்பி ஏத்தும்போது பிசிஐ, ஏஜிபி (கார்டுகளும் டிஸ்க்கும் இணையுற பஸ்கள்) ஸ்பீடும் கூடவே ஏறும், ஹார்ட் டிஸ்க்ல டேட்டா கெட்டுப்போக வாய்ப்பிருக்கு, அதனால போர்டு என்னன்னு பாக்காம கை வைக்காதீங்க.

கேள்வி: ஒரே 2800+ பேர்ல மூணு ஸ்பீடு பாத்தேன், 2250, 2083, 2000. எது ஒரிஜினல்?

பதில்: மூணுமே ஒரிஜினல்தான். 2250 தரோப்ரெட் கோர், எல்2 கேச் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற வேகமான சின்ன மெமரி) 256 கேபி. 2083 பார்ட்டன், கேச் 512 கேபி, கேச் கூடினதால கிளாக்கைக் குறைச்சு அதே நம்பர் குடுத்தாங்க. 2000ல ஓடுறது செம்ப்ரான் 2800+, 2004ல வந்தது, அது இன்டெலோட மலிவு ப்ராசஸரான செலரான் கூட போட்டி போட வச்ச தனி அளவு, அதை அத்லான் நம்பரோட ஒப்பிடவே கூடாது. வாங்கும்போது நம்பருக்கு முன்னாடி இருக்கிற பேரைப் படிங்க, நெறய பேர் ஏமாறுறது இங்கதான்.

கேள்வி: இதை ஏஎம்டிதான் கண்டுபிடிச்சதா?

பதில்: இல்லங்க, 90கள்லயே உண்டு. சைரிக்ஸ்ங்கிற கம்பெனியோட 6எக்ஸ்86 பி166+ ஓடினது 133ல, ஏஎம்டி கே5 பிஆர்133 ஓடினது 100ல. ஆபீஸ் வேலைக்கு சைரிக்ஸ் அந்தப் பேரைக் காப்பாத்துச்சு, ஆனா ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல (தசம எண் கணக்குல) வீக், 1996ல குவேக் கேம் வந்ததும் பென்டியம் முன்னாடி திணறிடுச்சு. எந்த வேலையை வச்சு ரேட்டிங் போட்டாங்கங்கிறதுதான் விஷயமே.

கேள்வி: இன்டெல் மட்டும் எப்பவும் நேர்மையா ஜிகாஹெர்ட்ஸ் போட்டுச்சு இல்லயா அண்ணா?

பதில்: 2004ல அவங்களும் மாடல் நம்பருக்கு வந்துட்டாங்க, பென்டியம் 4 530, 540ன்னு. ப்ரெஸ்காட்ங்கிற பென்டியம் 4 கோர்ல பைப்லைன் 31 ஸ்டேஜ் ஆச்சு, சூடு தாங்கல, 3.8லயே நின்னுடுச்சு, 4 ஜிகாஹெர்ட்ஸ் மாடலை அந்த வருஷமே கேன்சல் பண்ணிட்டாங்க. 2006ல வந்த கோர் 2 டுவோ இ6600 வெறும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், ஆனா அதே இன்டெலோட 3.6 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் டியை நல்லாவே முந்திடுச்சு. கிளாக்கை ஒரே டிசைனுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க.

கேள்வி: ப்ரோ 8 கோர் 3 ஜிகாஹெர்ட்ஸ்னா மொத்தம் 24தானே?

பதில்: கூட்டக் கூடாது. ஒவ்வொரு கோரும் 3லதான் ஓடும், வேலையைப் பிரிச்சுக் குடுக்க சாஃப்ட்வேருக்குத் தெரிஞ்சாதான் 8 கோரும் உதவும்.

கேள்வி: தங்கச்சி காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும். ரைசன் 5 7520யு ஒண்ணு, ரைசன் 5 7530யு ஒண்ணு. ரெண்டும் 7000 சீரிஸ், பூஸ்டும் (அதிகபட்ச ஜிகாஹெர்ட்ஸ்) 4.3, 4.5ன்னு பக்கத்துலயேதான் இருக்கு. விலை கம்மியா இருக்கிறதை எடுத்துடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. இந்த சீரிஸ்ல மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்கிற டிசைனைச் சொல்லும். 7520ல அது 2, அதாவது ஜென் 2 (ஏஎம்டி டிசைனோட பழைய தலைமுறை), 4 கோர். 7530ல 3, ஜென் 3, 6 கோர். பழசுக்குப் புது சீரிஸ் நம்பர் குடுத்தது எனக்குச் சுத்தமா பிடிக்கல, படிக்கிற பசங்க காசு இது. அதோட 7520யு லேப்டாப்ல ராம் போர்டுலயே சால்டர் பண்ணி வரும், 8 ஜிபி மாடல் எடுத்துட்டா பின்னாடி ஏத்த முடியாது. டைப்பிங், பிரவுசிங் மட்டும்னா 16 ஜிபி இருக்கிற 7520யு ஓகே. கோடிங், வீடியோ எடிட்டிங் எல்லாம் வரும்னா கொஞ்சம் கூட போட்டு 7530யு எடுங்க.