எலி நடந்ததே, என் தம்பி நடப்பானா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 28. தென்னை மரத்திலிருந்து விழுந்து, மார்புப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு நான்கு மாதம் ஆகிறது. இரண்டு கால்களையும் அவனால் அசைக்க முடியவில்லை. ஆனால் சில நேரம் அவை தானாகவே வெட்டி இழுக்கின்றன. தண்டுவடம் அடிபட்ட எலிகள் மறுபடி நடப்பதை வீடியோவில் பார்த்தோம். இவனும் நடப்பானா?

பதில்: நீங்கள் பார்த்தது பொய்யல்ல. ஆனால் அந்த எலி எதனால் நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான ஆய்வுகளில் தண்டுவடத்தை முழுதாக அறுப்பதில்லை. எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, அதன் தண்டுவடத்தின் மேல் 10 கிராம் எடையுள்ள சிறு கம்பியை 12.5, 25 அல்லது 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். முதலில் பின்னங்கால்கள் இழுபடும். ஓரத்தில் கொஞ்சம் நரம்பிழைகள் தப்பியிருந்தால், எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் எலி ஓரளவு நடந்துவிடும். அந்த நடைக்கு 0 முதல் 21 வரை மதிப்பெண் உண்டு. இரண்டு பேர் 4 நிமிடம் கவனித்து, பாதம் ஊன்றுகிறதா, எடையைத் தாங்குகிறதா, முன்காலும் பின்காலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் போடுவார்கள். 10 என்றால் எப்போதாவது சில அடிகள், 21 என்றால் இயல்பான நடை. வீடியோவில் இரண்டுமே "எலி நடந்தது"தான்.

தண்டுவடம் முழுதாக அறுக்கப்பட்ட பூனையும் சில வாரம் ட்ரெட்மில் பயிற்சி கொடுத்தால் பின்னங்கால்களால் அடியெடுத்து வைக்கும். நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்புப் பின்னல் இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலேயே இருக்கிறது. நகரும் பட்டையும் பாதத்தில் இறங்கும் பாரமும் அதைத் தூண்டுகின்றன. பட்டை நின்றால் நடையும் நிற்கும், ஏனென்றால் மூளைக்கு அதில் பங்கில்லை. தம்பியின் கால் வெட்டி இழுப்பதும் காயத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடிருப்பதால்தான். மூளையின் கட்டளை திரும்பிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

மனிதன் இரண்டே காலில் நிற்கிறான். மூளையிலிருந்து நேராக இறங்கும் நரம்புப் பாதையையே பெரிதும் நம்பியிருக்கிறான். அதே பாதையை எலிக்கு அறுத்தாலும் சமதரையில் அது நடக்கும். 2018இல் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் தண்டுவட உறைமேல் மின்முனைகள் பொருத்தி, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்ததில் சிலர் துணையோடு அடியெடுத்து வைத்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

தம்பியின் காயம் ஏ (உணர்ச்சியும் அசைவும் அறவே இல்லாத முழுக் காயம்) முதல் டி (தசைகள் ஓரளவு வலுவோடு அசையும் பகுதிக் காயம்) வரை எந்தப் பிரிவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா, அவனால் இறுக்க முடிகிறதா என்பது இதில் மிக முக்கியம். சி, டி என்றால் நடைப் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும். நான்கு மாதம் கழிந்தும் ஏ என்றால் தானாக நடை திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. இதை உங்களிடம் மறைப்பது நியாயமாகாது. ஸ்டெம்செல் ஊசிக்காக நிலத்தை விற்காதீர்கள், அது இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையல்ல.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீரை எடுங்கள், ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. கணுக்காலைத் தினமும் மெதுவாக மேல்நோக்கி மடக்கி 30 விநாடி பிடியுங்கள். அது இறுகிவிட்டால் நாளை எந்தச் சிகிச்சை வந்தாலும் பாதம் தரையில் ஊன்றாது. கால் இழுப்பு திடீரென அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ படுக்கைப் புண்ணோ காரணமாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.