பிரிட்டன் வரலாற்றில் அதிகம் பேசப்படாத கொடூரமான உண்மைகள் எவை?

பிரிட்டன் வரலாற்றின் கொடூரங்கள் என்றதும் எட்டாம் ஹென்றியின் மனைவியரும், லண்டன் கோபுரத்து வெட்டுமேடையும், ஜாக் தி ரிப்பரும்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், 1832 ஆகஸ்ட் 1 அன்று அரச ஒப்புதல் பெற்ற உடற்கூறியல் சட்டத்தையே முதலில் சொல்வேன். கொலைகாரர்களுக்கென்று விதிக்கப்பட்டிருந்த ஒரு தண்டனையை அவர்களிடமிருந்து நீக்கி, கையில் காசின்றி இறந்தவர்களின் மேல் சுமத்திய சட்டம் அது. அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அதன் கொடுமை புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடலை அறுத்துப் படிக்காமல் அறுவை மருத்துவம் கற்க முடியாது. 1540-இல் எட்டாம் ஹென்றி, தூக்கிலிடப்பட்டவர்களில் ஆண்டுக்கு நான்கு பேரின் உடல்களை முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் சேர்ந்திருந்த சங்கத்துக்கு வழங்க அனுமதித்தார். 1752-இல் நடைமுறைக்கு வந்த கொலைச் சட்டம் இதை ஒரு தண்டனையாகவே மாற்றியது. கொலைக் குற்றவாளியின் உடல் மருத்துவர்களால் பலர் முன்னிலையில் அறுக்கப்பட வேண்டும், அல்லது சங்கிலியில் கட்டித் தொங்கவிடப்பட வேண்டும். எந்த நிலையிலும் அதை அப்படியே புதைக்கக் கூடாது என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறியது. இறுதித் தீர்ப்பு நாளில் உடலோடு எழுந்து வருவோம் என்று நம்பிய மக்களுக்குத் தூக்குக் கயிற்றைவிட இது பெரிய அச்சமாக இருந்தது. லண்டனின் டைபர்ன் தூக்குமேடையடியில் இறந்தவரின் உறவினர்களும் மருத்துவர்களின் ஆட்களும் உடலுக்காகக் கைகலந்து சண்டையிட்டதற்கு இந்த அச்சமே காரணம்.

தூக்குமேடை தந்த உடல்களோ போதவில்லை. லண்டனிலும் எடின்பரோவிலும் தனியார் உடற்கூறியல் பள்ளிகள் பெருகப் பெருக, கல்லறைத் தோட்டங்களிலிருந்து பிணங்களைத் திருடி விற்பது ஒரு முழுநேரத் தொழிலானது. அந்தத் தொழிலின் நேர்த்திதான் என்னை மிகவும் உறைய வைக்கிறது. குழி முழுவதையும் அவர்கள் தோண்டவில்லை. தலைப்பக்கம் மட்டும் ஒரு சிறு பள்ளம் வெட்டினார்கள். இரும்பு கல்லில் பட்டால் ஓசை எழும் என்பதால் மரத்தாலான மண்வெட்டிகளைப் பயன்படுத்தினார்கள். புல்லில் தடம் தெரியாமலிருக்க, தோண்டிய மண்ணைச் சாக்குத் துணியின்மேல் குவித்தார்கள். சவப்பெட்டி மூடியின் மேற்பகுதியை நெம்பினால், எஞ்சிய பகுதியின் மேலுள்ள மண்ணின் கனத்தாலேயே மூடி முறிந்துவிடும். பிறகு கயிறு கட்டி உடலை வெளியே இழுத்துவிடுவார்கள். அதோடு முடிவதில்லை. சவத்துணியைக் கழற்றி மீண்டும் பெட்டிக்குள்ளேயே போட்டு மண்ணை மூடினார்கள். ஆங்கிலேயச் சட்டப்படி பிணம் எவருடைய சொத்தும் அல்ல என்பதால் அதை எடுப்பது சிறு குற்றமாகவே கருதப்பட்டது. துணியை எடுத்திருந்தாலோ அது திருட்டாகி, கடும் தண்டனைக்கு உரியதாகியிருக்கும். ஒரு தாயின் உடலைவிட அவள்மேல் போர்த்திய துணிக்குச் சட்டத்தில் மதிப்பு அதிகமாக இருந்திருக்கிறது.

1820-களில் ஓர் உடலுக்கு எட்டு முதல் பத்து கினி (ஒரு கினி ஒரு பவுனைவிடச் சற்று அதிகம்) வரை கிடைத்தது. குழந்தைகளின் உடல்கள் அங்குலக் கணக்கில் விலை பேசப்பட்டன. பற்கள் தனியே பிடுங்கப்பட்டுப் பல்செட்டு செய்வோருக்கு விற்கப்பட்டன. வசதியுள்ளவர்கள் இரும்புச் சவப்பெட்டி வாங்கினார்கள். கல்லறைமேல் கனத்த இரும்புக் கூண்டு பொருத்தினார்கள். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அத்தகைய கூண்டுகளை இன்றும் காணலாம். வசதியற்றவர்கள் தோண்டுவது கடினமாகட்டும் என்று குழி மண்ணோடு வைக்கோலைக் கலந்தார்கள். எவராவது மண்ணைக் கலைத்தால் தெரியட்டும் என்று ஒரு பூவையோ சிப்பியையோ மேலே வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கும் வழியில்லாத பரம ஏழைகளின் உடல்கள் பல பெட்டிகளை அடுக்கும் வரை திறந்தே கிடந்த பொதுக்குழிகளில் இடப்பட்டதால், திருடர்களுக்கு அங்கே வேலை மிக எளிதாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் பர்க், ஹேர் என்ற இருவரின் கதை வருகிறது. பெயர்களைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். இவர்களைப் பிணத் திருடர்கள் என்று சொல்வது மட்டும் தவறு. அவர்கள் ஒரு கல்லறையையும் தோண்டியதாகத் தெரியவில்லை. எடின்பரோவின் வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேரும் அவருடைய மனைவியும் ஒரு மலிவான தங்கும் விடுதி நடத்தி வந்தார்கள். 1827 நவம்பரில் அங்கே தங்கியிருந்த ஒரு முதிய ஓய்வூதியர், நான்கு பவுன் வாடகைப் பாக்கியோடு நோயுற்று இறந்தார். பாக்கியை ஈடுகட்டுவதற்காக அவருடைய உடலை மருத்துவர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் பள்ளிக்குக் கொண்டுபோய் ஏழு பவுன் பத்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஓராண்டுக்குள் இருவரும் சேர்ந்து 16 பேரைக் கொன்றார்கள். ஊருக்குப் புதியவர்கள், பிச்சையெடுப்பவர்கள், தேடி வர ஆளில்லாத முதிய பெண்கள் ஆகியோரைப் பார்த்து அழைத்து வருவார்கள். விஸ்கி ஊற்றிக் கொடுத்து மயங்கச் செய்து, ஒருவர் மார்பின்மேல் கிடந்து அழுத்த, மற்றவர் மூக்கையும் வாயையும் பொத்துவார். காயமோ தழும்போ இல்லாத உடல் என்பதால் நல்ல விலை கிடைத்தது.

கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஜேமி என்று ஊரே அறிந்த, மனவளர்ச்சி குன்றிய பதினெட்டு வயது இளைஞர். வெறுங்காலோடு தெருக்களில் திரிந்த அவரை அறுப்பு மேசையில் பார்த்ததும் மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டுகொண்டதாகவும், நாக்ஸ் அதை மறுத்துவிட்டு முகமும் பாதங்களும் தெரியாதபடி முதலில் அவற்றை அகற்றியதாகவும் அக்காலத்திலேயே பேசப்பட்டது.

கடைசியாகக் கொல்லப்பட்டவர் மார்கரெட் டோஹர்ட்டி என்ற அயர்லாந்துப் பெண். 1828 அக்டோபர் 31 அன்று ஒரு கடையில் அவரைச் சந்தித்த பர்க், தன் தாயும் அதே குடும்பப் பெயரைச் சேர்ந்தவர்தான் என்று உறவு கொண்டாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டில் ஏற்கெனவே தங்கியிருந்த கிரே தம்பதியர் அன்றிரவு மட்டும் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் அவர்கள் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணைக் காணவில்லை. கட்டிலருகே போகக் கூடாது என்ற அதட்டல் மட்டும் இருந்தது. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அங்கிருந்த வைக்கோலை விலக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் உடல் தென்பட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வாரம் பத்து பவுன் வரை கிடைக்கும் என்று பர்க்கோடு வாழ்ந்த ஹெலன் மெக்டூகல் கெஞ்சினார். தலைசாய்க்கச் சொந்தமாக ஓரிடமில்லாத அந்தத் தம்பதியர் அதை மறுத்துவிட்டுக் காவல்துறையிடம் போனார்கள். இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் மிகவும் மதிப்பது அவர்களைத்தான். மாநகரத்தின் கற்றறிந்த மருத்துவர்கள் கேட்காத கேள்வியை அவர்களே கேட்டார்கள்.

கொலைகளை நேரடியாக நிறுவும் சான்று குறைவாக இருந்ததால் ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்தார். டிசம்பர் 24 அன்று தொடங்கிய விசாரணை இரவெல்லாம் நீடித்து, கிறிஸ்துமஸ் காலையில் பர்க்குக்கு மரண தண்டனையோடு முடிந்தது. 1829 ஜனவரி 28 அன்று பெருங்கூட்டத்தின் முன் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடலை அறுத்த பேராசிரியர் அலெக்சாண்டர் மன்ரோ, பர்க்கின் தலையிலிருந்து எடுத்த இரத்தத்தில் பேனாவைத் தோய்த்து அதைப் பற்றியே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். பர்க்கின் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்திலும், அவருடைய தோலால் செய்யப்பட்ட கையடக்கக் குறிப்பேடு ஒன்று சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்திலும் இன்றும் இருக்கின்றன. உடல்களைப் பணம் கொடுத்து வாங்கிய நாக்ஸ்மீது வழக்கே தொடரப்படவில்லை.

பர்க்கின் மண்டையோட்டை ஆராய்ந்து குணத்தைக் கணிக்க முற்பட்டவர்களும் அந்நகரில் இருந்தார்கள். அவர்களுடைய எடின்பரோ மண்டையோட்டியல் சங்கத்திடம் இலங்கையிலிருந்து வந்த ஒரு தலையும் இருந்தது. இலங்கையின் ஊவா பகுதியில் மூண்ட கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து, 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் தலை வெட்டப்பட்ட கெப்பெட்டிபொல என்ற திசாவையின் (மாகாணத் தலைவரின்) மண்டையோடு அது. ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ மருத்துவர் அதை எடுத்துச் சென்றிருந்தார். 1954-இல்தான் அது திருப்பியளிக்கப்பட்டு, கண்டி தலதா மாளிகை அருகே நினைவுத் தூணின்கீழ் வைக்கப்பட்டது.

இனி அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 1828-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியளித்த புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், சமூகத்தில் எந்த நிலையில் உள்ளவராயினும் தான் விரும்பினால் அவருடைய உடலைப் பெற முடியும் என்று கூறினார். அதைக் கேட்ட செல்வந்தர்களுக்கு உண்டான அச்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. குழு கண்ட தீர்வு எளிமையானது: ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, யாரும் உரிமை கோராத உடல்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம். முதல் மசோதா 1829-இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. 1831 நவம்பரில் லண்டனில் பிஷப், வில்லியம்ஸ் என்ற இருவர் ஒரு சிறுவனின் உடலைக் கிங்ஸ் காலேஜுக்கு விற்க வந்தபோது, ஐம்பது பவுன் நோட்டைச் சில்லறை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆசிரியர் அவர்களைக் காக்க வைத்துக் காவலர்களை வரவழைத்தார். மயக்க மருந்து கலந்த ரம்மைக் கொடுத்துச் சிறுவனைக் கிணற்றில் தலைகீழாக இறக்கிக் கொன்றிருந்தார்கள். இந்த அதிர்ச்சிக்குப் பிறகு மசோதா எளிதாக நிறைவேறியது.

சட்டத்தின் வாசகம் மிகவும் நாகரிகமானது. உடலைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை உடற்கூறியலுக்குக் கொடுக்கலாம் என்றது. விடுதியில் இறந்தவருக்கு அந்தப் பொறுப்பாளர் விடுதியின் நிர்வாகமேதான். தன் உடலை அறுக்கக் கூடாது என்று நினைப்பவர் அதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது இறப்புக்குக் காரணமான நோயின்போது இரண்டு சாட்சிகளின் முன் வாய்மொழியாகச் சொல்லியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, காய்ச்சலில் கிடக்கும்போது, தன்னை வைத்துக் காப்பாற்றும் விடுதிக்காரர்களுக்கு எதிராக இரண்டு சாட்சிகளை எங்கே போய்த் தேடுவாள்? அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கொலைகாரர்களின் உடலை அறுக்கும் தண்டனையை அடியோடு நீக்கியது. எண்பது ஆண்டுகளாகக் கொலைக்குரிய இழிவு என்று நாட்டுக்கே கற்பிக்கப்பட்ட ஒன்று, ஒரே சட்டத்தில் வறுமைக்கு உரியதாயிற்று.

ஏழைகள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. சட்டம் வருவதற்கு முந்தைய டிசம்பரில் அபர்டீனில் ஒரு நாய் உடற்கூறியல் கூடத்தின் பின்புறம் மனித உடலின் பாகங்களைத் தோண்டியெடுக்க, மக்கள் அந்தக் கட்டடத்தையே கொளுத்தினார்கள். 1832 செப்டம்பரில் மான்செஸ்டர் காலரா மருத்துவமனையில் இறந்த மூன்று வயதுக் குழந்தையின் பெட்டியைத் தாத்தா திறந்து பார்த்தபோது, தலையிருந்த இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு மருத்துவமனையைத் தாக்கினார்கள். அதன் பிறகு பல தலைமுறைகளுக்கு ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் வயிற்றைக் கட்டியும் ஈமச்சடங்கு நிதிக்கு வாராவாரம் காசு கட்டி வந்ததில் இந்த அச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 1832 ஜூனில் தன் உடலை விரும்பியே அறுப்புக்குக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரைப் பின்பற்றச் செல்வந்தர்கள் அதிகம் முன்வரவில்லை.

நான் மருத்துவம் படித்தவன். முதலாண்டில் நாங்கள் பயின்ற உடல்களில் பல, உரிமை கோர ஆளில்லாதவர்களுடையவை. நம் மாநிலங்களின் உடற்கூறியல் சட்டங்களும் அத்தகைய உடல்களைக் கல்லூரிகளுக்கு வழங்க வழிசெய்கின்றன. 1832-இல் வகுக்கப்பட்ட பாதையின் தொடர்ச்சிதான் அது. உடல்தானம் செய்ய முன்வருவோர் பெருகினால் மட்டுமே இந்த நிலை மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சம்மதம் என்ற இடத்தில் பிரிட்டன் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஏழடி ஏழு அங்குல உயரமிருந்த அயர்லாந்தின் சார்ல்ஸ் பர்ன், தன் உடல் மருத்துவர் ஜான் ஹன்ட்டரின் கையில் சிக்கக் கூடாது என்று அஞ்சி, ஈயப்பெட்டியில் வைத்துக் கடலில் இறக்குமாறு நண்பர்களிடம் கேட்டிருந்தார். 1783-இல் அவர் இறந்ததும் ஹன்ட்டர் பணம் கொடுத்து உடலைக் கைப்பற்றினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் லண்டன் ஹன்ட்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்ற எலும்புக்கூட்டை இனிக் காட்சிக்கு வைப்பதில்லை என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆய்வுக்காக மட்டும் வைத்திருக்கப் போகிறார்களாம். வளர்ச்சிச் சுரப்புக் கோளாற்றைப் பற்றி அறிய அது உதவியது உண்மை. ஆனால் அவருடைய மரபணு ஏற்கெனவே ஆராயப்பட்டுவிட்டது. அவர் கேட்டபடி அவரைக் கடலில் அடக்கம் செய்வதற்கு இனி எந்த மருத்துவக் காரணமும் தடையாக நிற்கக் கூடாது.