‘கணக்கு சரி’ என்ற பிறகுதான் எனக்குப் பயம்

அறுவை அரங்கில் நெடுங்காலம் ஸ்க்ரப் நர்ஸாக (டாக்டரின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவர்) இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். துணி எதுவும் உள்ளே தங்கிவிடாமல் பார்க்கத் தங்களிடம் கருவி இருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அது எப்படி வேலை செய்கிறது? கையால் எண்ணுவதை விட்டுவிட்டார்களா?
– ஒரு மகள்

பதில்: விட்டிருக்க மாட்டார்கள். விட்டிருந்தால், அங்கே போகாதீர்கள் என்றே சொல்வேன்.

கையால் எண்ணுவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தொடங்கும் முன்பு, ஸ்க்ரப் நர்ஸும், ஆபரேஷன் மேசையை விட்டுத் தள்ளி நின்று வேண்டியதை எடுத்துத் தரும் நர்ஸும் சேர்ந்து, ஒவ்வொரு மாப்பையும் (இரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி) ஒவ்வொரு காஸையும் (சின்ன வலைத்துணி) தனித்தனியாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். நடுவில் புது மாப் கட்டு பிரித்தால் அதையும் எண்ணிச் சேர்க்க வேண்டும். வயிற்றை மூடும் முன்பு ஒரு தடவை, தோல் தையலின்போது இன்னொரு தடவை. எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து. என்னோடு வேலை செய்தவர்கள் இதற்காக என்னைத் திட்டியதுண்டு, நான் மாறவில்லை.

இவ்வளவும் செய்து எப்படித் தவறும் என்று கேட்பீர்கள். இரத்தத்தில் ஊறிய இரண்டு மாப் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பத்து இருக்க வேண்டிய கட்டில் கம்பெனியிலிருந்தே ஒன்பதோ பதினொன்றோ வந்திருக்கும். பாதியில் டியூட்டி மாறும். ஊறிய மாப் குடல் மடிப்புக்குள் போய்விட்டால் குடலோடு குடலாகத்தான் தெரியும். கண் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகும்.

எண்ணிக்கை குறைந்தால்கூட எனக்குப் பயமில்லை. குறைகிறது என்று தெரிந்துவிட்டால் தேடிவிடுவோம். ‘கணக்கு சரி’ என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்ட பிறகு ஒன்று உள்ளே இருந்தால்? 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வில், பொருள் உள்ளே தங்கிய 54 நோயாளிகளின் ஆவணங்களை எடுத்துப் பார்த்தார்கள். தங்கியவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துணிதான். எண்ணிப் பார்க்கப்பட்ட ஆபரேஷன்களில் 88 சதவீதத்தில், கடைசிக் கணக்கு சரி என்றே எழுதியிருந்தது. அவசர ஆபரேஷன், நடுவில் திட்டம் மாறிய ஆபரேஷன், உடல் பருமன் கூடிய நோயாளி, இந்த மூன்றிலும் ஆபத்து அதிகம் என்றும் அந்த ஆய்வு காட்டியது.

கருவி உதவுவது இந்த இடத்தில்தான். ஆனால் ‘கருவி’ என்று ஒரே பெயரில் சொல்வது மூன்று வகை. ஒன்று பார்கோடு: ஒவ்வொரு மாப்பிலும் தனி அடையாளம் இருக்கும், உள்ளே போகும்போது ஸ்கேன், வெளியே வரும்போது ஸ்கேன். ஒரே மாப்பை இரண்டு தடவை எண்ணிவிட முடியாது. 2008-ல் வெளியான ஒரு சோதனையில் 300 ஆபரேஷன்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கையால் மட்டும் எண்ணியபோது 13 இடத்தில் கணக்கு இடித்தது; பார்கோடு சேர்ந்தபோது 32 இடத்தில். கூடுதலாகத் தப்பு நடந்தது என்று அர்த்தமில்லை, கூடுதலாகக் கண்ணில் பட்டது. எண்ணும் நேரம் கொஞ்சம் கூடியது, கூடட்டும். ஆனால் பார்கோடு வயிற்றுக்குள் பார்க்காது.

இரண்டாவது, துணிக்குள் சின்ன ரேடியோ சில்லை (சிப்) தைத்து வைப்பது. மூடும் முன்பு உடம்பின் மேல் ஒரு கோலை நகர்த்துவார்கள். உள்ளே இருந்தால் ஒலி வரும். இருக்கிறது, இல்லை என்று மட்டும் சொல்லும், எத்தனை என்று சொல்லாது. மூன்றாவது, அந்தச் சில்லுக்கே தனி எண் கொடுப்பது. அது எந்த மாப் என்றும் சொல்லிவிடும்.

உங்கள் மருத்துவமனையில் எது என்று கேளுங்கள். கூடவே, சில்லு வைத்த துணியைத் தவிர வேறு துணி அந்த அறைக்குள் வருமா என்றும் கேளுங்கள். வந்தால் கோல் அதைப் பொறுத்தவரை குருடு. கத்தரி, கிளாம்ப், ஊசி எல்லாம் பெரும்பாலும் இன்றும் கைக்கணக்குதான்.

கேள்வி: சிஸ்டர், நான் நர்சிங் படிக்கிறேன். ஒரு மாப் குறைந்தபோது டாக்டர், “தையலைப் போட்டுவிடலாம், அப்புறம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம்” என்றால் என்ன சொல்வது?
– ஒரு மாணவி

பதில்: முனகாதேம்மா. “டாக்டர், ஒரு மாப் குறையுது, மூட வேண்டாம்” என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி அறையை விட்டுப் போகும் முன்பு கருவி, துணி, ஊசிக் கணக்கை நர்ஸ் வாய்விட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. அது உன் வேலை, அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

அவர் காயத்துக்குள் கைவிட்டுத் தேடட்டும். நீங்கள் விரிப்பின் மடிப்பு, வாளி, குப்பைப் பை, தரை எல்லாம் பாருங்கள். செருப்பின் அடியிலும்தான், சிரிக்காதே, அங்கே ஒட்டிக்கொண்டு வந்ததை நான் உரித்து எடுத்திருக்கிறேன். கணக்கு முடியும்வரை குப்பைப் பை அறையைத் தாண்டக் கூடாது.

கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்ரே, தியேட்டரிலேயே. மாப்பில் ஓடும் பேரியம் இழை அதில் தெரியும். என்ன தேடுகிறோம் என்று படம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லி அனுப்பு. வெறும் ‘வயிறு எக்ஸ்ரே’ என்று எழுதினால் அவர் வேறு எதையாவது தேடுவார். 10 மில்லிமீட்டருக்கும் சின்ன ஊசி படத்தில் பெரும்பாலும் சிக்காது. நோயாளியின் உயிரே ஊசலாடுகிறது என்றால் உயிர்தான் முதலில், கணக்கு நிலுவையில் இருப்பதை கேஸ் ஷீட்டில் எழுதிவிடு.

கேள்வி: கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வைத்து எண்ணினால் மனிதர்கள் எதற்கு?
– ஒரு பொறியாளர்

பதில்: மேசையில் இருப்பதைக் கேமரா நன்றாக எண்ணும். கல்லீரலுக்குப் பின்னால் இருப்பதை?

கேள்வி: விபத்தில் அடிபட்ட என் அண்ணன் வயிற்றுக்குள் துணியை வைத்தே கட்டி, ஐ.சி.யு.வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இது தவறுதானே?
– ஒரு தம்பி

பதில்: இல்லை தம்பி. இரத்தம் நிற்காதபோது துணியை அடைத்து அழுத்தி வைப்பதும், நோயாளி தேறியதும் மறுபடி திறந்து எடுப்பதும் தெரிந்தே செய்யும் சிகிச்சை. சிக்கல் வருவது இரண்டாவது ஆபரேஷனில். வேறு டாக்டர், வேறு நர்ஸ்கள், பலகையில் புதுக் கணக்கு. எத்தனை உள்ளே வைத்தார்கள் என்பது முதல் ஆபரேஷன் குறிப்பில் எண்ணாக இருக்க வேண்டும். ‘சில துணிகள்’ என்று இருக்கக் கூடாது. எடுத்த துணியைப் புதுக் கணக்கோடு கலக்காமல் தனியாக எண்ண வேண்டும். அந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்.